அத்தையும் நானும் கல்லாற்றுப் பிள்ளைகளும்

தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவில் மிஞ்சிப் போனால் ஐந்து மைல் இருக்கும். அந்த ஐந்து மைலுக்குள் ராஜா மாறிவிடுவார், நாணயம் மாறிவிடும், தெருமுனைத் தபால்பெட்டி சிவப்பிலிருந்து பச்சையாகிவிடும். எங்கள் வீட்டு மாடியில் துணி உலர்த்தும்போது கண்ணில் படுகிற மலை திருவனந்தபுரத்து ராஜாவின் ராஜ்யத்தைச் சேர்ந்தது. ஆகவே நானும் வெளிநாடு போய்ப் படித்தவள்தான். யார் சிரித்தாலும் இதை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எங்கள் ஊர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். கல்யாணமாகி இரண்டு வருஷம். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோகிற அந்தப் பள்ளிக்கூடத்தை எட்டு வரைக்கும் உயர்த்த வேண்டுமானால், டீச்சர்களில் ஒருத்தியாவது மேற்கொண்டு படித்திருக்க வேண்டும் என்று நிர்வாகத்தார் சொல்லிவிட்டார்கள். திருவனந்தபுரத்து சர்வகலாசாலையில் கல்விக்கென்று ஒரு சின்னப் பிரிவு இருந்தது. கல்வியையும் சமூகக் கொள்கையையும் சேர்த்துப் படிக்க அங்கே ஆறு வார வகுப்பு. எழுதிப் போட்டேன், வரச்சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களையில் நான் ஒரு சுற்றுச் சுற்றினேன். கால் பட்டு மோர்ச் சட்டி உருண்டது.

என் கணவர் ரயில்வே கூட்ஸ் ஆபீஸில் குமாஸ்தா. நல்ல மனிதர். தாமாக ஒரு முடிவும் எடுக்காத நல்ல மனிதர். "அம்மா துணைக்கு வரட்டும். ரெண்டு வாரம் இருந்து பாக்கட்டும். சரிப்படும்னு அவுக சொன்னா மிச்சத்தையும் படி. சரிப்படாதுன்னா ரெண்டு பேருமா வந்திருங்க" என்றார்.

அவுக என்பது என் மாமியார் குழல்வாய்மொழி. நான் அத்தை என்று கூப்பிடுவேன். நெடுநெடுவென்று உயரம், ஊர்க்கோடி வரை கேட்கும் குரல். எழுதப் படிக்கத் தெரியாது. பொய் என்றால் ஆகவே ஆகாது. கொழுக்கட்டை வேகவில்லை என்றால் அதைக் கொடுத்தவளின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, மிச்சத்தையும் சாப்பிட்டுவிடுவார்கள்.

ரயில் மலைக்குகைக்குள் நுழைந்ததும் பெட்டி முழுக்க இருட்டாகிவிட்டது. அத்தை என் கையை இறுக்கிப் பிடித்தார்கள். வெளிச்சம் வந்ததும் உதறினார்கள். "ஒனக்குப் பயமா இருக்குமேன்னு பிடிச்சேன்" என்றார்கள். எனக்கு அன்றைக்கு யாரோடும் சண்டை பிடிக்கும் எண்ணமே இல்லை. ஜன்னலுக்கு வெளியே பார்க்கிற இடமெல்லாம் பச்சை. பச்சைக்கு மேல் மழை. எனக்கு இருபத்து நாலு வயது. கையில் புது நோட்டு.

தங்க இடம் கிடைத்தது சாலைக் கடைத்தெருவில். கிழக்கேகோட்டையிலிருந்து கூப்பிடு தூரம். என் கணவர் வழியில் தூரத்து உறவினர் ஒருவர் அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். மாடியில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார். கீழே கொத்தமல்லி வாசனை, மேலே மழைச் சத்தம். தெருவில் பாதிப் பேர் நம் பக்கத்து ஆட்கள். ஆனால் பேச ஆரம்பித்தால் வாக்கியத்தின் தலை திருநெல்வேலியிலும் வால் மலையாளத்திலும் இருக்கும்.

முதல் நாள் மத்தியானம் ஒரு சைவ ஹோட்டலில் இலை போட்டார்கள். ஒவ்வொரு சோற்றுப் பருக்கையும் புளியங்கொட்டை அளவு, சிவப்பாக. அதுவும் ஒரு கைப்பிடிதான். யுத்தத்தில் அரிசிக்குத் தட்டுப்பாடு. மிச்ச இலையை வேகவைத்த மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு, நிறைத்தது. பக்கத்தில் ஒரு செம்பு நிறைய இளஞ்சிவப்பாகச் சுடுதண்ணீர்.

அத்தை செம்புக்குள் எட்டிப் பார்த்தார்கள். "ஏட்டி, யாரோ குங்குமக் கைய கழுவிட்டு இங்ஙன வச்சிட்டுப் போயிருக்கான்."

பரிமாறுகிறவர் பணிவாகச் சொன்னார்: "வெள்ளமாணு அம்மே, வெள்ளம்."

அத்தை சட்டென்று எழுந்து தெருவைப் பார்த்தார்கள். "வெள்ளமா? எம்புட்டு வந்திருக்கு?"

இந்த ஊரில் தண்ணீருக்கே வெள்ளம் என்று பெயர், ஏதோ மரப்பட்டையைப் போட்டுக் காய்ச்சுவதால் அந்த நிறம் என்று விளங்கவைப்பதற்குள் பக்கத்து இலைக்காரர்கள் எல்லாம் சிரித்து முடித்துவிட்டார்கள். அத்தை ஒரு வாய் குடித்தார்கள். பிறகு முழுச் செம்பையும் குடித்தார்கள். மரச்சீனியைக் காந்தாரி மிளகாயில் தொட்டுத் தின்று கண்ணீர் விட்டார்கள். "தலைக்குத் தேய்க்க எண்ணெயில அப்பளம் பொரிக்கான். ஆனா கிழங்கு நல்லாருக்குளா" என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

மறுநாள் வகுப்பு. சர்வகலாசாலை என்றதும் கோபுரம் போல எதையோ நினைத்துக்கொண்டு போயிருந்தேன். ஓட்டுக் கட்டடம், ஐந்து அறை, வாசலில் ஒரு பலாமரம். மாணவர்கள் பதினோரு பேர். பெண்கள் நானும் கமலாட்சி அம்மாவும்தான். கமலாட்சி இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். வெள்ளை வேட்டியும் மேலே நேரியது என்கிற துண்டும் உடுத்தி, கையில் ஆண்பிள்ளைக் குடை வைத்திருந்தாள். முதல் பார்வையிலேயே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

பாடம் எடுத்தவர் மாத்தன் சார். சீமையில் படித்துத் திரும்பி அதிக நாள் ஆகாதவர், முப்பது வயதுக்குள் இருப்பார். ஆங்கிலத்தில் தொடங்கி, மலையாளத்தில் சூடேறி, எனக்காக நடுவே தமிழில் இரண்டு வார்த்தை போடுவார். அத்தை வெளித் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக என் முதுகைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிஷத்தில் மழை சாய்வாக அடித்தது. மாத்தன் சார் பாடத்தை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தார். "அம்மே, அகத்து வரூ. நனைய வேண்டா."

அத்தை உள்ளே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அன்று முதல் அந்த பெஞ்சு அவர்களுக்கென்று ஆகிவிட்டது.

மாத்தன் சார் கேட்டார்: "ஒரு பிள்ளை ஸ்கூளுக்கு வரவில்லை. யாருடைய குற்றம்?" தகப்பன் குற்றம் என்றார் ஒருவர். வறுமை என்றார் இன்னொருவர். வாத்தியாரின் பிரம்பு என்றாள் கமலாட்சி. நான் என் நோட்டில் எழுதிவைத்திருந்த அழகான பதிலைச் சொல்வதற்காக எழுந்தேன்.

"மழையா இருக்கும்" என்றது கடைசி பெஞ்சு.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. மாத்தன் சார் சிரிக்கவில்லை. கரும்பலகையில் தகப்பன், வறுமை, பிரம்புக்குக் கீழே 'மழை' என்று எழுதினார். "ஆற்றுக்கு இப்புறம் பிள்ளை, அப்புறம் ஸ்கூள். பாலம் இல்லை. யாரும் குற்றவாளி இல்லை, கேட்டோ. பாலம் போடாதவனைத் தவிர" என்றார். நான் எழுதிவைத்த பதிலைச் சொல்லாமலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆனால் என்ன சந்தோஷம்! பள்ளிக்கூடம் என்றால் பாடமும் பிரம்பும் என்று நினைத்திருந்தவளுக்கு, அரிசி, பாலம், கல்யாண வயது, கூலி எல்லாம் அதற்குள் இருக்கிறதென்று ஒருவர் எடுத்துச் சொல்கிறார். அன்று நோட்டில் பதினாறு பக்கம் எழுதினேன்.

வகுப்பு முடிந்து தாழ்வாரத்தில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போதுதான் வினை வந்தது. மாத்தன் சார் ஓடிவந்தார். "பாக்கியம், ஒரு நிமிஷம். எனிக்கு நிங்களோடு கொறச்சு சம்சாரிக்கணம்."

அத்தையின் கையிலிருந்த குடை தரையில் விழுந்தது.

"என்னது? சம்சாரமா?" பலாமரத்துக் காக்கைகள் பறந்தன. "ஏ வாத்தியாரய்யா! கட்டுன புருஷன் தென்காசியில கல்லுமாரி இருக்கான்! சம்சாரிக்கணுமாம்ல! ஏட்டி, பெட்டிய கட்டு! இப்பவே கிளம்புதோம்!"

மாத்தன் சாருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தும் சிரிப்பில் பேச்சு வரவில்லை. நான் சிரிப்பதைப் பார்த்த அத்தைக்குக் கோபம் இரட்டித்தது. கடைசியில் கமலாட்சிதான் நடுவில் வந்தாள். "அம்மே, இவிடே சம்சாரிக்கறதுன்னா பேசறது. வெறும் பேச்சு. நான் இப்போ அம்மையோட சம்சாரிக்கறேன் அல்லே?"

அத்தை அவளை மேலும் கீழும் பார்த்தார்கள். "பேசுதத பேசுததுன்னு சொன்னா என்ன?"

மாத்தன் சார் சொல்ல வந்தது இவ்வளவுதான்: அடுத்த வாரம் கல்லாறு என்கிற மலையடி ஊருக்குப் போய்ப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க வேண்டும், நானும் கமலாட்சியும் சேர்ந்து அறிக்கை எழுத வேண்டும். அர்த்தம் தெரிந்ததும் அவர் முகம் சிவந்த சிவப்பில் ஒரு செம்பு வெள்ளம் காய்ச்சியிருக்கலாம். அதற்குப் பிறகு ஆறு வாரமும் என்னிடம் நேராகப் பேச வேண்டியிருந்தால் ஆங்கிலத்தில் மட்டும்தான் பேசினார்.

அந்த இரண்டு வாரமும் ஒவ்வொரு நாளும் அத்தையின் முகத்தைப் படிப்பது எனக்கு இன்னொரு பாடமாகிவிட்டது. சங்குமுகத்துக் கடலில் அத்தை முழங்கால் வரை இறங்கி அலையைத் திட்டிய அன்று, சரிப்படும் என்று தோன்றியது. வகுப்பில் ஒரு இளைஞன் என்னிடம் பென்சில் கடன் கேட்ட அன்று, சரிப்படாது என்று தோன்றியது. கேட்டால் ஒன்றும் சொல்லமாட்டார்கள். "ரெண்டு வாரம் ஆகட்டும்" என்பதுதான் பதில்.

இரண்டாவது சனிக்கிழமை கல்லாறு. பொன்முடி மலைக்குக் கீழே, உருண்டைப் பாறைகளுக்கு நடுவே ஆறு ஓடுகிற இடம். பெட்ரோல் கிடைக்காத காலம் என்பதால் கரியில் ஓடுகிற பஸ்தான் எங்களுக்குக் கிடைத்தது. வண்டியின் பின்னால் பீப்பாய் போல ஒரு அடுப்பு. கிளம்புமுன் ஒருவர் அதற்குக் காற்றடிக்கும் சக்கரத்தை அரைமணி நேரம் சுற்றினார். நெடுமங்காடு தாண்டி மேடு வந்ததும் பஸ் பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது.

"எல்லாரும் இறங்கித் தள்ளணும்" என்றார் டிரைவர்.

எல்லாரும் இறங்கினோம். அத்தை இறங்கவில்லை. "நான் வண்டியில வாரேன்னு சொல்லித்தான் வந்தேன். தள்ளுதேன்னு சொல்லல" என்று ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார்கள். மாத்தன் சாரும் பதினோரு மாணவர்களுமாக, என் நோட்டை ஒருவன் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள, அத்தையை மலைமேல் தள்ளிக்கொண்டு போனோம். உடுத்ததைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஆண்களோடு ஆணாகத் தோள் கொடுத்து, சேற்றில் வழுக்கி, கமலாட்சியும் நானும் சிரித்த சிரிப்பில் பஸ் இரண்டடி பின்னால் வந்தது. ஊரில் யாராவது பார்த்திருந்தால் என் படிப்பு அங்கேயே முடிந்திருக்கும். பார்த்தது ஒரே ஒருவர், அவர் ஜன்னல் வழியாக, "இடப்பக்கம் தள்ளுங்க, இடப்பக்கம்!" என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்.

கல்லாற்றில் இறங்கியதும் மற்றவர்கள் பக்கத்து ஊர்களுக்குப் பிரிந்துபோனார்கள். ஆற்றோரத்துக் குடிசைகள் கமலாட்சிக்கும் எனக்கும். மரச்சீனி நட்டும் காட்டுவேலை செய்தும் பிழைக்கிறவர்கள். மிக அருகில் இருக்கிற பள்ளிக்கூடம் ஆற்றைத் தாண்டி நாலு மைல். முப்பது பிள்ளைகள் இருந்தால்தான் புதுப் பள்ளிக்கூடம் தருவது என்பது அப்போதைய விதி என்று மாத்தன் சார் சொல்லியிருந்தார். கமலாட்சி மலையாளத்தில் கேட்டாள், நான் எழுதினேன், அத்தை பின்னால் நின்றார்கள்.

முதல் வீட்டில் நாலு பிள்ளைகள் வரிசையாக நின்றன. அடுத்த வீட்டில் ஐந்து. அதற்கடுத்த வீட்டில் மூன்று. எங்களுக்கு ஒரே உற்சாகம். எட்டாவது வீடு முடிகையில் கணக்கு முப்பத்து மூன்று! கமலாட்சி என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். "பாக்கியம், ஸ்கூள் வந்தாச்சு! நம்மாலே வந்தாச்சு!"

"எனக்குக் கால் கழுவணும்" என்று சொல்லிவிட்டு அத்தை வீட்டுக்குப் பின்பக்கம் போனார்கள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து குரல். "ஏட்டி, இங்க வா."

போய்ப் பார்த்தேன். வாழைக்கூட்டத்துக்குப் பின்னால் பிள்ளைகள் மூச்சிரைக்க நின்றிருந்தன. ஒரு பெண் ஒரு பையனின் சட்டையைக் கழற்றி இன்னொருவனுக்கு மாட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் கை அப்படியே நின்றுபோயிற்று.

"அந்தக் குட்டிய பாரு" என்றார்கள் அத்தை. ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி. ஒரு காதில் மட்டும் ஈர்க்குச்சி. இன்னொரு காது சும்மா இருந்தது. "மொத வீட்டுல தங்கம்மையாம். மூணாவது வீட்டுல சரசம்மையாம். ஆறாவது வீட்டுல தாய்க்காரிக்கே பேரு மறந்துபோச்சு, இதுவா சொல்லிச்சு. மொத்தம் பன்னெண்டு பிள்ளையளா. பின்வாசல் வழியா ஓடிக்கிட்டே இருக்கு."

கமலாட்சியின் முகம் வாடியது. "ரேஷனுக்கு. ஆள் கூடக் காட்டினா அரிசி கூடக் கிடைக்கும்னு விசாரிச்சிருக்கும்" என்று முணுமுணுத்தாள். விசாரிப்பது என்றால் இங்கே நினைப்பது என்பது அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது.

சட்டையோடு நின்ற பெண்ணின் பெயர் பாரு. அவளுக்குத் தமிழ் கொஞ்சம் வரும். எஸ்டேட்டில் நம் ஆட்களோடு வேலை செய்திருக்கிறாள். அவள் தலையை ஆட்டினாள். "அரிக்கு அல்ல அம்மே. முப்பது பிள்ளை இல்லாம சர்க்கார் ஸ்கூள் தராதுன்னு ஒரு சார் பறஞ்ஞு. எங்களுக்குப் பன்னெண்டே உண்டு. முப்பது வேணும்னா நாங்க எங்க போகும்?"

ஈர்க்குச்சிக் காதுக்காரி எங்களைப் பார்த்துச் சிரித்தாள். இன்னும் ஓட வேண்டுமா, போதுமா என்று கேட்பது போல இருந்தது. அந்தப் பிள்ளைகளின் கால்களெல்லாம் முழங்கால் வரை சேறு.

திரும்பும் வழியில் பஸ் நிற்கவே இல்லை. "முப்பத்து மூணுன்னே எழுதலாம் பாக்கியம்" என்றாள் கமலாட்சி மெல்ல. "யாருக்கு நஷ்டம்? நாம எண்ணினது முப்பத்து மூணுதானே."

"மூணு மாசத்தில் ஒரு இன்ஸ்பெக்டர் வருவார். பன்னிரண்டைத்தான் பார்ப்பார். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு, இந்த ஊர்க்காரர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று எழுதிவிட்டுப் போவார். அப்புறம் இவர்களுக்கு எந்தக் காலத்திலும் பள்ளிக்கூடம் வராது" என்றேன்.

"பன்னெண்டுன்னு எழுதினா இப்பவே வராதே."

அத்தையைப் பார்த்தேன். அத்தை வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எழுதினேன், கிழித்தேன், எழுதினேன். கீழே கடைக்காரர் பொட்டலம் கட்ட என் கிழிந்த தாள்களைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கமலாட்சி வந்தாள், சண்டை போட்டாள், என் மரச்சீனி வறுவலைத் தின்றாள், கடைசியில் நான் எழுதியதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை கல்வி இலாகாவின் பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். அவரவர் அறிக்கையை அவர் முன்னால் படிக்க வேண்டும். சரிகைக் கரை வேட்டி, நீளக் கோட்டு, முகத்தில் அவசரம். இரண்டு பேர் படித்ததுமே கடிகாரத்தைப் பார்த்தார். "முழுவதும் வாசிக்க வேண்டாம். எண்ணிக்கை மட்டும் போதும். கல்லாறு யார்? பிள்ளைகள் எத்தனை?"

நான் எழுந்து தாளைப் பிரிப்பதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"முப்பத்தி மூணு!"

திரும்பிப் பார்த்தேன். அத்தை நிமிர்ந்து நின்றார்கள். கண் இமைக்கவில்லை. வேகாத கொழுக்கட்டையை வேகவில்லை என்று சொல்கிற அதே முகம்.

"நல்லது" என்று அதிகாரி பேனாவைத் திறந்தார். மாத்தன் சார் சந்தோஷத்தில் கைகளைத் தேய்த்துக்கொண்டார். கமலாட்சி என் முந்தானையை இழுத்தாள். பேசாமல் உட்கார் என்று அர்த்தம். உட்கார்ந்திருக்கலாம். பள்ளிக்கூடம் வந்துவிடும், அத்தை சந்தோஷப்படுவார்கள், நான் ஆறு வாரமும் படித்துவிட்டு ஊருக்குப் போகலாம். கல்யாணமான இரண்டு வருஷத்தில் அத்தை சொன்ன ஒரு சொல்லை நான் தட்டியதில்லை. சாம்பாரில் உப்பு அதிகம் என்று அவர்கள் சொன்னால் உப்பு அதிகம்தான்.

"இல்லை சார்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "இல்லை. பன்னிரண்டு."

பேனா நின்றது. "அப்போ அந்த அம்மா சொன்னது?"

"அத்தை சொன்னது பொய்."

அத்தை பக்கம் நான் திரும்பவே இல்லை. திரும்பினால் அழுதுவிடுவேன் என்று தெரியும். ஆகவே நிறுத்தாமல் பேசினேன். தாளில் எழுதியது பாதி, எழுதாதது பாதி.

"அந்த ஊர்ப் பெண்களும் இதே பொய்யைத்தான் சொன்னார்கள், சார். பன்னிரண்டு பிள்ளைகளை எட்டு வீட்டில் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். அரிசிக்காக இல்லை. முப்பது இல்லாமல் பள்ளிக்கூடம் இல்லை என்று யாரோ சொன்னதால். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் ஒளித்துவைக்கிற பெற்றோர்களைப் பற்றித்தான் இரண்டு வாரமாக இங்கே படித்தோம். இருக்கிற பிள்ளையை மூன்று தடவை காட்டுகிற பெற்றோர்களைப் பற்றி எந்தப் பக்கத்திலும் இல்லை. முப்பது என்பது சமவெளிக்குச் சரி. அந்த மலையில் பிறந்திருப்பது பன்னிரண்டுதான். அந்தப் பன்னிரண்டும் மழைக்காலத்தில் ஆற்றைத் தாண்ட முடியாது. பன்னிரண்டுக்கு ஒரு வாத்தியார் போடுங்கள். இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை."

அதிகாரி என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலாகக் கடைசி பெஞ்சைப் பார்த்தார். "அம்மே, நீங்கள் எண்ணினது எத்தனை?"

"எண்ணுனது பன்னெண்டு" என்றார்கள் அத்தை. "சொன்னது முப்பத்தி மூணு."

முதலில் சிரித்தது அதிகாரிதான். கோட்டு குலுங்கச் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள், என்னையும் அத்தையையும் தவிர. அவர் என் தாளைக் கேட்டு வாங்கி, சிரிப்பு அடங்கிய பிறகு, முழுவதையும் படித்தார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஓரத்தில் ஏதோ எழுதி மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். கிழக்கேகோட்டை வரைக்கும் அத்தை எனக்கு முன்னால் பத்தடி தள்ளி நடந்தார்கள். இரண்டு வாரம் முடிந்திருந்தது. மாடிக்குப் போனதும் நான் பெட்டியை இழுத்து, சேலைகளை மடித்து அடுக்கத் தொடங்கினேன்.

"என்னத்துக்குப் பெட்டிய கட்டுத?"

"நாலு பேர் முன்னால் உங்களைப் பொய்க்காரி என்று சொல்லிவிட்டேனே, அத்தை."

"பொய்தானளா சொன்னேன்." அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து காலை நீட்டினார்கள். "அந்தப் பிள்ளையள் ஓடுன ஓட்டத்துக்கு ஒரு பொய் சொன்னா என்னன்னு தோணுச்சு. சொல்லிட்டேன். நீ எந்திரிச்சதும் ஆத்திரமா வந்துச்சு. அப்புறம் நீ பேசுனியே, அப்ப யோசிச்சேன். இவளுக்கு வாயே கிடையாது, ஊமைக்கோட்டான்னு நினைச்சில்லா இம்புட்டு தூரம் துணைக்கு வந்தேன்!" நீட்டிய காலால் பெட்டியை அந்தப் பக்கம் தள்ளினார்கள். "அவனுக்குக் கடுதாசி எழுது. மிச்சத்தையும் படிக்கட்டும்னு அம்மா சொல்லுதான்னு எழுது. நான் நாளைக்கு ஊருக்குப் போறேன்னும் எழுது. இனி ஒனக்குத் துணை எதுக்கு?"

எழுதினேன். அவசரத்தில் கணவரின் பெயரிலேயே ஒரு எழுத்தை விட்டுவிட்டேன்.

ஆனால் அத்தை மறுநாள் போகவில்லை. மழை விடட்டும் என்றார்கள். மழை விட்டதும், வெள்ளிக்கிழமை பயணம் ஆகாது என்றார்கள். மூன்றாவது வாரமும் கடைசி பெஞ்சு நிறைந்துதான் இருந்தது. அப்படியிருக்கும்போதுதான் ஒருநாள் மாத்தன் சார் ஒரு காகிதத்தை ஆட்டிக்கொண்டு ஓடிவந்து, ஆங்கிலத்தை மறந்து, "கிட்டிப் போயி! கிட்டிப் போயி!" என்று கத்தினார். கிடைத்துவிட்டது: கல்லாற்றுக்கு ஒரு வாத்தியார், ஒரு கொட்டகை, ஒரு வருஷத்துக்குப் பரீட்சார்த்தமாக. கமலாட்சி என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். இந்தத் தடவை உருட்டுவதற்கு மோர்ச் சட்டி எதுவும் இல்லை.

சனிக்கிழமையன்று கமலாட்சி, நான், அத்தை மூவரும் கல்லாற்றுக்குத் தினமும் போய்வருகிற கரி பஸ்ஸில் போனோம். அரைமணி நேரத்தில் அதே பஸ் திரும்பும். அதில் ஏறாவிட்டால் அன்று வேறு வண்டி இல்லை. பாருவிடம் கமலாட்சி விஷயத்தைச் சொன்னாள். பன்னிரண்டு போதுமாம் என்றாள். பாரு இடுப்பில் கைவைத்து, "இது முன்னமே பறஞ்ஞிருந்தா இதுங்களை அத்தனை ஓட விட்டிருப்போமா?" என்று கோபித்துக்கொண்டாள். கோபித்துக்கொண்டே சிரித்தாள். சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்தாள்.

பிள்ளைகளுக்கு விஷயம் எப்படித் தெரிந்ததோ, நாங்கள் திரும்புவதற்குள் பன்னிரண்டும் ஆற்றோர மணலில் வரிசையாக உட்கார்ந்துவிட்டன. வாத்தியார் வர இன்னும் நாள் இருக்கிறது, கொட்டகை கட்ட வேண்டும், பலகை வர வேண்டும் என்று கமலாட்சி சொல்லிப் பார்த்தாள். ஒரு தலைகூட அசையவில்லை. ஈர்க்குச்சிக் காதுக்காரி சம்மணம் போட்டு, கையைக் கட்டி, என் வாயையே பார்த்தாள். அவள் நிஜப் பெயர் மாதவி என்று அன்றுதான் தெரிந்தது.

நான் ஒரு குச்சியை எடுத்து மணலில் 'அ' என்று எழுதினேன். கமலாட்சி ஓடிவந்து அதைக் காலால் அழித்தாள். "அது நிங்களோட அ! இது இவிடத்தே அ!" என்று பக்கத்தில் வேறு மாதிரி எழுதினாள். இரண்டும் அக்கா தங்கை போலத்தான் இருந்தன. பிள்ளைகள் பன்னிரண்டும் அடித்தொண்டையிலிருந்து "அ" என்று கத்தின. ஆற்றுச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. நாங்கள் இருவரும் மாறி மாறி எழுதினோம், அவர்கள் மாறி மாறிக் கத்தினார்கள். எனக்குத் தலை கிறுகிறுத்தது.

மேலே சாலையில் பஸ் ஹாரன் அடித்தது. ஒரு தடவை, இரண்டு தடவை, பிறகு விடாமல். நான் குச்சியைப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தேன்.

பஸ்ஸுக்கு நேர் முன்னால், சாலையின் நட்டநடுவில், இடுப்பில் கைவைத்து அத்தை நின்றார்கள். டிரைவர் தலையை வெளியே நீட்டி ஏதோ கத்தினார்.

"பள்ளிக்கூடம் நடக்குதுல்லா!" என்றார்கள் அத்தை. "முடியட்டும்."

டிரைவர் என்ஜினை நிறுத்திவிட்டார்.